கடைசல் பேனாவில் பல்லவத் தூண்: தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மரப்பேனா கடைகிறவர்களுக்கென்று வெளிநாட்டில் தயாராகும் உறுப்புத் தொகுப்புகளை விரித்துப் பாருங்கள். டிராகன் சுற்றிய கிளிப் இருக்கும், மண்டையோட்டு உச்சி இருக்கும், துப்பாக்கித் தோட்டா வடிவில் முனை இருக்கும். அவரவர் ஊர்க் கதை அவரவருக்கு. செங்கல்பட்டில் லேத் போட்டு உட்கார்ந்திருப்பவர் அந்த டிராகனை வாங்கி மாட்டுவானேன்? ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். அங்கே பெரும்பாறைச் சிற்பத்தின் பிளவுக்குள் படம் விரித்து, வால் தொங்க நிற்கிறது ஒரு நாகம். கிளிப்புக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைக்காது.

ஆனால் ஊர் அடையாளம் என்றதும் நம் கை நினைவுப்பொருள் கடைப்பக்கம்தான் போகிறது. சாவிக்கொத்தில் தொங்கும் கடற்கரைக் கோயிலைக் கழற்றி மூடியில் ஒட்டினால் கொஞ்ச நாள் தாங்கும். பேனாவின் உச்சியில் கிடைக்கும் இடம் 8 முதல் 10 மில்லிமீட்டர். அவ்வளவு சின்ன இடத்தில் எந்தக் கோயிலும் ஒரு முடிச்சாகத்தான் தெரியும். வளையம், கிளிப், உச்சிக்குமிழ் மூன்றும் எந்தப் பேனாவுக்கும் எப்படியும் தேவை. அந்த மூன்றின் வடிவத்தையே இந்த வட்டாரத்திலிருந்து எடுத்துக்கொண்டால் தனியாக எதையும் ஒட்ட வேண்டியதில்லை. இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

கையால் கடைந்த பேனா தென்னாட்டுக்குப் புதிதில்லை. 1930களில் காந்திக்குச் சுதேசிப் பேனா செய்து கொடுத்த ராஜமுந்திரி ரத்னம், சென்னைப் பாரிமுனையில் காமா பேனாக்களை விற்ற ஜெம் அண்ட் கோ, திருவள்ளூரில் ரங்கா என்று எபோனைட் எனும் கெட்டி ரப்பர்க் கடைசலுக்கு ஒரு நெடிய வரிசையே உண்டு. இந்தப் பேனாக்கள் உறுப்புத் தொகுப்பு எதையும் நம்பாமல் மரையிலிருந்து மூடிவரை கையாலேயே கடையப்பட்டவை. முதல் பேனாவிலேயே அதற்கு ஆசைப்பட வேண்டாம். தொகுப்பில் தொடங்கி, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுவோம்.

## பேனாவின் உறுப்புகள்

தொடங்குபவர்களுக்கு ஏற்றது ‘ஸ்லிம்லைன்’ எனப்படும் 7 மி.மீ. தொகுப்பு. விலை குறைவு, வேலையும் எளிது, கெட்டால் மனம் நோகாது. உள்ளே இருப்பவை: இரண்டு பித்தளைக் குழாய்கள், முனைக்கூம்பு, திருகினால் ரீஃபிளை வெளியே தள்ளும் உறுப்பு, நடுவளையம், கிளிப், உச்சிக்குமிழ், ரீஃபிள்.

இவற்றில் முனைக்கூம்பையும் திருகு உறுப்பையும் தொடாதீர்கள். அவற்றின் அளவு நுட்பமானது. வீட்டில் செய்து பார்ப்பதில் லாபமில்லை. வளையம், கிளிப், உச்சிக்குமிழ் மூன்றும் உங்களுடையவை. தொகுப்பு கைக்கு வந்ததும் வெர்னியர் காலிப்பரால் நான்கு அளவுகளை எடுத்து எழுதிவையுங்கள்: குழாயின் உள்விட்டம், திருகு உறுப்பின் வெளிவிட்டம், உச்சிக்குமிழின் தண்டு விட்டம், கிளிப் வளையத்தின் தடிமன். ஒரே பெயரில் விற்கும் இரண்டு தொகுப்புகளுக்குள்கூட இந்த அளவுகள் சற்று மாறும். இணையத்தில் கிடைக்கும் அட்டவணையை நம்பிப் பித்தளையை வெட்டினால் பித்தளை வீண்.

## கருவிகளும் பாதுகாப்பும்

மேசை மேல் வைக்கும் சிறிய மர லேத், பேனாவுக்கான மேண்ட்ரல் கம்பி, தொகுப்புக்குரிய புஷ் வளையங்கள், 7 மி.மீ. டிரில் பிட், கட்டையின் முனையைச் சமன்செய்யும் கருவி, ஒரு குழி உளி, ஒரு சாய்வு உளி. உலோக வேலைக்கு நகைப் பட்டறையில் தகடு அறுக்கும் மெல்லிய வில் ரம்பம், சின்ன அரங்கள், ஒரு பட்டறை வைஸ். கைக்கருவிகளைச் சென்னை பிராட்வே, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் நேரில் தொட்டுப் பார்த்து வாங்கலாம். மேண்ட்ரலும் புஷ்ஷும் பெரும்பாலும் வரவழைக்க வேண்டியவை.

லேத் முன்னால் நிற்கும்போது துப்பட்டா, சேலைத் தலைப்பு, தோளில் துண்டு, முழுக்கைச் சட்டை, கைக்கயிறு, வளையல் எதுவும் கூடாது. கையுறையும் கூடாது. சுழலும் கட்டை துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடியும் தூசு முகக்கவசமும் கட்டாயம்.

## படி 1: மரம்

முதல் பேனாவுக்கு என் தேர்வு சீமைக்கருவேலம். நீதிமன்றமே அகற்றச் சொன்ன மரம், ஏரிக்கரையெல்லாம் கிடக்கிறது. இது மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். ஈரத்துக்கும் வெயிலுக்கும் மிகக் குறைவாகச் சுருங்கி விரியும் மரங்களில் இது ஒன்று. கடலோரக் காற்றில் பேனா வெடிக்காமல் இருக்க அந்தக் குணம்தான் வேண்டும். செம்பழுப்பு வைரத்தை மட்டும் எடுங்கள். வெளியே மஞ்சளாக இருக்கும் பகுதியைப் பூச்சி அரிக்கும். முள் ஏறினால் சீழ் பிடிக்கும் என்பதால் வெட்டும்போது மட்டும் தடித்த கையுறை.

பூவரசு இன்னொரு நல்ல தேர்வு. கடற்கரை ஊர்களில் வேலியோரம் நிற்கும் இந்த மரத்தை ஹவாய்த் தீவுக்காரர்கள் ‘மிலோ’ என்று அழைத்துக் கிண்ணம் கடைகிறார்கள். வைரம் கரும்பழுப்பு, கடைசலுக்கு வழவழப்பு. வேம்பு பரவாயில்லை. சவுக்கு கரையெங்கும் மலிவாகக் கிடைத்தாலும் காயும்போது பிளக்கும் என்பதால் விட்டுவிடுங்கள்.

பனையின் கருங்கோடுகள் அழகு. ஆனால் நார் பெயர்ந்துவரும், தொடங்குபவர் கைக்கு அடங்காது. ஐந்தாறு பேனாவுக்குப் பிறகு முயலலாம். அதற்காகப் பச்சைப் பனையை வெட்டாதீர்கள். பழைய ஓட்டு வீடு பிரிக்கும் இடத்தில் பனங்கை கிடைக்கும். பல பத்தாண்டு காய்ந்த மரம், வேறு பதப்படுத்தலே தேவைப்படாது.

கட்டை அளவு 20 மி.மீ. சதுரம், 13 செ.மீ. நீளம். வெட்டி வந்த மரமாக இருந்தால் இரு முனையிலும் மெழுகு தடவி, நிழலில் சில மாதங்கள் போட்டுவையுங்கள்.

## படி 2: துளையும் குழாயும்

கட்டையைக் குழாய் நீளத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. கூடுதலாக இரண்டாக வெட்டுங்கள். வெட்டுமுன் நடுவில் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொண்டால் ரேகை இரு துண்டிலும் தொடரும்படி பின்னால் பொருத்தலாம். நிமிடத்துக்கு 500 முதல் 700 சுற்றில் மெதுவாகத் துளையிட்டு, அடிக்கடி டிரில்லை வெளியே இழுத்துத் தூளை உதறுங்கள். சூடேறினால் கட்டை உள்ளிருந்து கீறும்.

குழாயை உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, அரால்டைட் போன்ற இரு பசைக் கலவையால் ஒட்டுங்கள். ஃபெவிக்விக் வேகமாகப் பிடிக்கும். குழாய் பாதியில் மாட்டிக்கொண்டால் திரும்ப வராது. ஒரு ராத்திரி காயட்டும். பிறகு கட்டையின் முனையைக் குழாயின் முனைக்குச் சரியாகச் சமன்செய்யுங்கள். இந்தச் சமன் சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு அழகான வளையம் செய்தாலும் நடுவில் ஒரு இடைவெளி பல்லிளிக்கும்.

## படி 3: கடைவது

மேண்ட்ரலில் புஷ், கட்டை, புஷ், கட்டை, புஷ் என்று கோத்து இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் கம்பி வளைந்து பேனா முட்டை வடிவில் வரும். சதுரத்தை உருளையாக்கும்வரை குறைந்த வேகம், பிறகு 2000 சுற்று அளவுக்கு ஏற்றலாம். உளி மழுங்கும்போதெல்லாம் நிறுத்திச் சாணை பிடியுங்கள். மழுங்கிய உளியை அழுத்துவதால்தான் சிராய் பெயர்கிறது.

இரு முனையும் புஷ்ஷின் விட்டத்தைத் தொட வேண்டும். நடுவில் எவ்வளவு பருமன் என்பது உங்கள் விருப்பம். அந்த விருப்பத்தில்தான் பல்லவத் தூண் நுழைகிறது. ஆகவே உளியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பகுதியைப் படித்த பிறகு இறுதி வடிவத்துக்கு வாருங்கள்.

## படி 4: தூணைப் பார்ப்பது

செங்கல்பட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வல்லம். அங்கே குன்றில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் உள்ளன. அவற்றில் ஒன்று அவனுக்குக் கீழிருந்த கந்தசேனன் என்ற சிற்றரசன் குடைவித்தது. தூண்களைப் பாருங்கள். கீழே சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடியும் சதுரம். வேறு அலங்காரம் ஏதுமில்லை. கல்லைக் குடைந்து கோயிலாக்கக் கற்றுக்கொண்டிருந்த தலைமுறையின் அடக்கம் அது. தொடங்குபவருக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது.

அடுத்து மாமல்லபுரம், வராக மண்டபம். இரண்டு தலைமுறைக்குள் தூண் மெலிந்து உயர்ந்துவிட்டது. அடியில் உட்கார்ந்த சிங்கம், அதன் தலைமேல் எழும் கால், மேலே போகப் போக அடுக்கடுக்காக உறுப்புகள். சிற்பிகளிடம் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள்: கலசம், தாடி, கும்பம், பாலி, பலகை, வீரகண்டம், போதிகை. கலசம் முதல் பாலி வரை பக்கவாட்டுக் கோட்டை மட்டும் தாளில் வரைந்து பாருங்கள். லேத்தில் கடைந்த பொருளின் கோடு அது. உள்வாங்கி, பிதுங்கி, குறுகி, விரிகிறது. கல்லில் உளியால் அடித்தெடுத்த அதே வளைவுகளை மரத்திலும் பித்தளையிலும் சுழற்றியே எடுத்துவிடலாம்.

சிங்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தூணில் அது இருக்கும் இடம் பேனாவில் விரல் பிடிக்கும் இடம். எழுதுபவன் விரலில் பிடரி குத்தும்.

ஒன்று கவனத்தில் இருக்கட்டும். சிற்பிகளின் அளவுக்கணக்கில் ஒவ்வொரு உறுப்புக்கும் அடுத்ததோடு ஒரு விகிதம் உண்டு. அதை அப்படியே 5 மி.மீ. வளையத்துக்குள் சுருக்க முயன்றால் கோடுகள் ஒன்றையொன்று தின்றுவிடும். கும்பத்தின் பிதுக்கம், அதன் கீழ் ஒரு ஒடுக்கம், மேலே பலகையின் தட்டையான விளிம்பு, இந்த மூன்று போதும். கண் மீதியை இட்டு நிரப்பிக்கொள்ளும்.

ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் உண்டு. 1957இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி மாமல்லபுரத்தில்தான் இருக்கிறது. கல்லோடு உலோகமும் மரமும் கற்றுத்தரும் இடம். உலகக் கைவினை மன்றம் 2015இல் இந்த ஊரைக் கற்சிற்ப நகரமாக அறிவித்தது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. சாலையோரப் பட்டறையில் போய் நின்று, ஐயா, கும்பத்துக்கும் பலகைக்கும் நடுவில் எவ்வளவு விடுவீர்கள் என்று கேட்டால், வேலை நெருக்கடி இல்லாத நேரமானால் மணலில் வரைந்தே காட்டுவார்கள்.

## படி 5: எட்டுப் பட்டை

வல்லத்துத் தூணை மேல் உடலுக்கு எடுத்துக்கொள்வோம். லேத் உருளையைத்தான் தரும், பட்டைகளைக் கையால் அரமிட வேண்டும். கேட்பதற்குக் கடினம், செய்வதற்கு அப்படியில்லை. உடலின் விட்டம் 11 மி.மீ. என்றால் ஒவ்வொரு பட்டைக்கும் ஆழம் 0.4 மி.மீ.தான், அகலம் 4.2 மி.மீ. குழாய்க்கு வெளியே உங்களுக்கு 2 மி.மீ. மரம் இருக்கிறது, ஆகவே பயமில்லை.

எட்டாகப் பிரிக்க ஒரு சுலபவழி. உடலைச் சரியாக ஒரு சுற்று சுற்றும் தாள்நாடாவை வெட்டி, மூன்று முறை பாதியாக மடியுங்கள். பிரித்தால் எட்டுச் சமபாகம். மடிப்புகளை உடலில் பென்சிலால் குறித்து, லேத்தை மின் இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு, கட்டையை மேண்ட்ரலிலேயே வைத்து அரமிடுங்கள். பட்டை இரு முனையையும் தொடக்கூடாது. முனையில் 10 மி.மீ. உருளையாகவே நிற்கட்டும். தூணில் சதுரம் இருக்கும் இடத்தை இங்கே உருளை எடுத்துக்கொள்கிறது. சதுரமே வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் வளையத்தோடு பொருந்தாது.

கீழ் உடல் மொழுமொழுவென்று இருக்கட்டும். அது பிடிக்கும் இடம்.

## படி 6: மெருகு

உப்புத்தாள் 150இல் தொடங்கி 220, 320, 400, 600 என்று ஏறுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் லேத்தை நிறுத்தி, ரேகையின் நீளவாக்கில் ஒருமுறை தேய்த்தால் வட்டக் கீறல்கள் மறையும். பட்டைகளைத் தட்டையான மரத்துண்டில் தாள் ஒட்டித் தேயுங்கள். விரலால் தேய்த்தால் விளிம்புகள் மழுங்கி, இத்தனை உழைப்பும் உருண்டுவிடும்.

பூச்சுக்கு இரண்டு வழி. கெட்டித்தன்மை வேண்டுமானால் ஃபெவிக்விக் போன்ற பசையை மெல்லிய படலங்களாகத் தடவி மெருகேற்றலாம். இதற்குக் காகிதக் கைத்துடைப்பான் மட்டும். பனியன் துணியில் ஊற்றினால் பருத்தியோடு வினைபுரிந்து கை பொசுங்கும் அளவுக்குச் சூடேறும், புகையும் கண்ணை எரிக்கும்.

எனக்குப் பிடித்தது அரக்கு. சென்னபட்டணாப் பொம்மைக்காரர்கள் செய்வதுபோல, 1000 சுற்று அளவில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்த வேண்டும். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டும். பிறகு காய்ந்த தாழை மடலை மடித்து அழுத்தினால் படலம் சமமாகப் பரவிப் பளபளக்கும். தாழை கடற்கரை மணலிலேயே நிற்கும் செடி. மடலின் இரு ஓர முள்ளையும் நடுநரம்பு முள்ளையும் சீவிவிட்டு எடுங்கள். இந்த முறை உருளையான கீழ் உடலுக்கு மட்டும் பொருந்தும். எட்டுப் பட்டைக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசுங்கள். அரக்குக்கு இரண்டு பகை: சூடு, சாராயம். வெயிலில் நிறுத்திய காரில் பேனாவை விடக்கூடாது, சானிடைசர் கையோடு தொடக்கூடாது.

## படி 7: நடுவளையம்

12 மி.மீ. பித்தளைக் கம்பித்துண்டு ஒன்று வாங்குங்கள். லேத்தின் சக்கில் பிடித்து, திருகு உறுப்பின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற துளை இடுங்கள். புது டிரில் பிட் பித்தளையில் திடீரென்று கவ்வி உள்ளே இழுக்கும். அதன் வெட்டு விளிம்பை எண்ணெய்க்கல்லில் லேசாக மழுக்கிவிட்டால் அடங்கும். துளை முடிந்ததும் 5 மி.மீ. துண்டாக அறுத்து, இரு முகத்தையும் கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமன்செய்யுங்கள்.

அந்த வளையத்தைத் துளைக்கு இறுக்கமான ஒரு மரத்தண்டில் செருகி, 800 சுற்றில் வடிவம் கொடுங்கள். முதலில் வெளிவிட்டத்தை உடலைவிட 1 மி.மீ. பெரிதாகக் கொண்டுவாருங்கள். பிறகு வட்ட அரத்தால் கீழ்ப்பக்கம் ஒரு ஒடுக்கம். நடுப்பகுதியைத் தட்டை அரத்தால் இருபுறமும் உருட்டினால் கும்பம். மேல் விளிம்பில் 0.8 மி.மீ. தொடாமல் விட்டால் பலகை. அரத்துக்குப் பிடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிடியில்லாத அரத்தின் வால் உள்ளங்கைக்குள் ஏறிவிடும்.

பளபளப்பு வேண்டாம் என்பவர்கள் வளையத்தை அப்படியே விடலாம், கைபட்டுக் கைபட்டு மங்கும். எனக்கு அந்த மங்கல்தான் அழகு. புதுசு போல வேண்டுமென்றால் புளி இருக்கிறது.

## படி 8: கிளிப்

தகடு 1 மி.மீ. பித்தளை. கிடைத்தால் பாஸ்பர் வெண்கலம். அது இன்னும் நன்றாகத் துள்ளும். கிளிப்பையும் அதன் வளையத்தையும் ஒரே தகட்டில் அறுக்க வேண்டும். பற்றவைத்தால் சூட்டில் பித்தளை மெதுவாகி, சட்டைப்பையில் ஒருமுறை செருகியதும் விரிந்தே நிற்கும். இதுதான் கிளிப் வேலையில் முதன்மையான விதி.

வடிவத்துக்கு முதலில் வேடந்தாங்கல் போகலாம். குளிர்காலத்தில் அங்கே வந்திறங்கும் பறவைகளில் ஒன்று கரண்டிவாயன். நீண்ட நேரான தட்டை அலகு, நுனியில் கரண்டிபோல் அகன்ற வட்டம். கிளிப்புக்கு வேண்டியதும் அதுவே. நேர்த்தண்டு, நுனியில் துணியைப் பிடிக்க ஒரு அகலம். பறவை முழுதும் வேண்டாம், அலகு போதும். 

தாளில் வரையுங்கள்: 10 மி.மீ. வெளிவட்டம், அதன் நடுவில் உச்சிக்குமிழ் தண்டுக்கு ஏற்ற துளை, அங்கிருந்து 40 மி.மீ. அலகு, தொடக்கத்தில் 4 மி.மீ. அகலம், நடுவில் 2.5, நுனிக் கரண்டி 5. தாளைத் தகட்டில் ஒட்டி, முதலில் துளை, பிறகு வெளிக்கோடு. அறுக்கும் ரம்பத்தை நேர்நிறுத்தி, அவசரப்படாமல் இழுங்கள். மெல்லிய ரம்பத் தகடுகள் ஒடியத்தான் செய்யும், ஒரு டஜன் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஓரங்களை அரமிட்டபின், அலகை இரும்பின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் நெடுக லேசாகத் தட்டுங்கள். அடிபட அடிபடப் பித்தளை விறைக்கும், துள்ளல் வரும். கரண்டியை மரக்கட்டை மேல் வைத்து, முன்புறத்தை ஒரு உருண்டை முனையால் குழித்தால் பின்புறம் புடைக்கும். அந்தப் புடைப்பு துணியைப் பிடிக்கும், கிழிக்காது. கடைசியாக வளையத்துக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு கம்பியை வைத்து வளைவாக மடியுங்கள். கூராக மடித்தால் அங்கேதான் ஒடியும்.

இது கைவந்த பிறகு நாகம். அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கும் காட்சி என்றும் இருவிதமாகச் சொல்லப்படும் அந்தப் பாறையில், நடுப்பிளவில் நிற்கும் நாகர்களின் படத்தை வளையத்துக்குக் கீழும் வாலை நுனிக்கும் கொண்டுவாருங்கள். முகமும் கூப்பிய கைகளும் வேண்டாம். பேனா தரையில் விழும், பல்லில் கடிபடும், பின்பையில் உட்காரும். கும்பிடும் உருவத்தை அதில் வைப்பது வாங்குபவருக்கும் சங்கடம், செய்து கொடுத்தவருக்கும் சங்கடம். பிள்ளையார் கிளிப் கேட்டு வருபவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

அதே பாறையின் கீழ்ப்பகுதியில் முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனை உண்டு, சுற்றிலும் எலிகள். நெட்டாக நிற்கும் அந்தப் பூனை கிளிப்புக்கு அளவெடுத்த உருவம். தகட்டில் அறுத்தால் நிழலுருவம் கிடைக்கும். முழு உருவம் வேண்டுமென்றால் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் செதுக்கி, வார்ப்புக்குக் கொடுக்க வேண்டும். உலோகம் ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு சுருங்கும் என்பதால் மெழுகுருவத்தை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்யுங்கள். வார்த்த கிளிப் துள்ளாது. பூனையைத் தனியாக வார்த்து, தகட்டு கிளிப்பின் மேல் இரண்டு சின்ன ஆணியால் அறைவதே சரி.

## படி 9: உச்சிக்குமிழ்

வளையத்தில் கும்பம் வந்துவிட்டதால் உச்சிக்குக் கோயில் விமானத்தின் கலசம். 10 மி.மீ. பித்தளைக் கம்பியில் முதலில் தண்டைக் கடையுங்கள்: குழாயின் உள்விட்டத்தைவிட 0.1 மி.மீ. குறைவாக, 6 மி.மீ. நீளம். பிறகு மேலே ஒரு தட்டையான விளிம்பு, சின்னக் கழுத்து, உருண்டை, மொட்டு. மொட்டு நுனி கூராக வேண்டாம். சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்க்கும் பொருள், குனியும்போது கண்ணுக்கு நேரே வரும்.

கல்லில் வேண்டுமென்று ஆசையிருந்தால் மாக்கல். மாமல்லபுரத்துக் கடைகளில் விற்கும் சின்ன யானைகள் பலவும் இதில் செய்தவை. உளியாலேயே சுரண்டிக் கடையும் அளவுக்கு மென்மை. ஈரப்படுத்தியபடியே வேலை செய்யுங்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. உள்ளே ஒரு பித்தளைத் தண்டை ஒட்டிக்கொள்ள வேண்டும், கல்தண்டு முறிந்துவிடும்.

கருங்கல்லைக் கடைய முடியாது. ஆனால் பதிக்கலாம். மேல் உடலின் முனையில் 2 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்டி, சிற்பக்கூடத்தில் உதிர்ந்த கருங்கல் துகளை நிரப்பி, மெல்லிய ஃபெவிக்விக் ஊற்றுங்கள். காய்ந்தபின் உளியை அண்ட விடாதீர்கள், விளிம்பு போய்விடும். நீர்த்தாள் மட்டும். மெருகேறினால் கரும்பச்சையில் சின்னச் சின்ன மினுக்கு தெரியும். துகளைச் சிற்பியிடம் கேட்டு வாங்குங்கள். குடைவரைப் பக்கமோ ரதங்கள் பக்கமோ கிடக்கும் கல்லைத் தொடாதீர்கள். அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, 1984 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருப்பவை.

கடற்கரையில் கிடைக்கும் எல்லாவற்றையும் பதிக்கலாம் என்று நினைக்கவும் வேண்டாம். ஆமையோடும் பவளமும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. செம்மரத் துண்டை முறையான ரசீது இல்லாமல் வாங்குவதும் வம்பு.

## படி 10: பொருத்துவது

வைஸின் இரு தாடையிலும் மரத்துண்டு வைத்து அழுத்துங்கள். கீழ் உடலில் முதலில் முனைக்கூம்பு. மறுமுனையில் திருகு உறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, ஒவ்வொரு முறையும் ரீஃபிள் போட்டுப் பாருங்கள். முனை போதுமான அளவு வெளிவந்ததும் நிறுத்துங்கள். ஒரு மி.மீ. அதிகமாகப் போனால் ரீஃபிள் உள்ளே ஒளியாது, திரும்ப இழுப்பதும் பெரும்பாடு.

மேல் உடலில் கிளிப்பைக் குமிழின் தண்டில் கோத்து, தண்டுக்கு இரு பசைக் கலவை தடவிச் செருகுங்கள். பசை காயும்முன் கிளிப்பின் நடுக்கோடு எட்டுப் பட்டையில் ஒன்றின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். விளிம்பின் மேல் நின்றால் பேனா கோணலாகவே தெரியும். பிறகு நடுவளையத்தைத் திருகு உறுப்பின் மேல் போட்டு, பலகை மேலே பார்க்க, மேல் உடலைச் செருகுங்கள்.

## கடற்காற்றில் பேனா

உப்புக்காற்றில் மலிவான குரோம் பூச்சு புள்ளிபுள்ளியாக அரிக்கும். தங்க முலாம் விரல் படும் இடத்தில் தேயும். கோவளம் முதல் கல்பாக்கம் வரை கரையோரம் இருப்பவர்கள் முனைக்கூம்புக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து நல்ல பூச்சு வாங்குவது மேல். பூச்சில்லாத பித்தளைக்கு அந்தக் கவலை கிடையாது. கறுத்தால் துடைத்துக்கொள்ளலாம், வேண்டுமானால் வருடத்துக்கு ஒருமுறை மெழுகு தடவலாம்.

## அடுத்து

மூன்று உறுப்பும் உங்கள் கையால் வந்துவிட்டால் தொகுப்பில் மிச்சம் திருகும் கூம்பும்தான். அவற்றையும் கழற்றிவிடலாம். எபோனைட் கம்பி, ஒரு நிப், மரை வெட்டும் டாப், டை. ரப்பரில் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து வேகவைத்த பொருள் எபோனைட். கடையும்போது பட்டறையெல்லாம் கந்தக வாடை வரும், வெயில் பட்டால் நிறம் மங்கும், ஆனால் விரலுக்கு வெதுவெதுப்பு. உடலுக்குள்ளேயே மை ஊற்றும் பேனா என்பதால் உள்ளே பித்தளைக் குழாய் தேவையில்லை, கழுத்து மரையில் மட்டும் கொஞ்சம் சிலிக்கான் மசகு. மூடி மரைக்கு முதலில் ஒற்றைத் தொடக்க டாப், டை வாங்குங்கள். குறைந்த சுற்றிலேயே திறக்கும் பல்தொடக்க மரைக்கான டாப், டை விலை அதிகம், கை பழகியபின் போதும். மூடி தனியாகக் கழலும் இந்தப் பேனாவில் நடுவளையம் மூடியின் வாய்க்கு இடம் மாறும். அங்கே எபோனைட் மெலிந்து நிற்பதால் வளையம் விளிம்பு பிளக்காமல் காக்கும் வேலையையும் செய்யும். ஆகவே கும்பத்தைச் சற்றுத் தட்டையாக்கி, வளையத்தை 6 மி.மீ. வரை அகலமாக்கிக்கொள்ளுங்கள்.